"போர்ட் போச்சு" என்றால், போர்டில் எது போச்சு?

பழைய லெப்டொப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் எந்தத் திருத்தும் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "மதர்போர்ட் போச்சு." அதற்கு மேல் இரண்டு வழி சொல்வார்கள். வேறு போர்ட் போடலாம். இல்லாவிட்டால் புதிசு வாங்கலாம். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பழுது போர்டில்தான் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான உதிரிகள் ஒட்டிய ஒரு பலகையைப் பார்த்து அப்படிச் சொல்வது, நாடி பிடிக்காமலே "உடம்பு சரியில்லை" என்று நோயாளியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி. எந்த இடத்தில் எத்தனை வோல்ற் வரவேண்டும், எத்தனை வருகிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் மெஷினைக் கொடுக்கவேண்டும்.

என்னுடையது 2012 காலத்து மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5. இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வீட்டிலேயே கேட்பார்கள். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவன். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், எல்லாவற்றையும் விட அதிகமாக முப்பத்தோராம் நாள் நினைவு மலர். எனக்கு வேலை தருகிற அச்சகங்கள் இன்னும் பேஜ்மேக்கர் 7 கோப்பும் பாமினி எழுத்துருவும்தான் கேட்கின்றன. 2001இல் வந்த அந்த மென்பொருள் விண்டோஸ் 7இல் சொல்வழி கேட்கும். புதிய மெஷினில் அடம்பிடிக்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் இந்த மெஷினை இணையத்தில் விடுவதில்லை. புதிசு வாங்கலாம்தான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, லெப்டொப் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

குழப்படி இப்படித் தொடங்கியது. வேலை செய்துகொண்டிருக்கும்போது பட்டென்று அணையும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. பற்றரி எப்போதோ செத்துப்போய், சார்ஜரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மெஷின். கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப எழும்பும். காலையில் குறைவு, மத்தியானப் புழுக்கத்தில் கூட. சூட்டால்தான் அணைகிறது என்று யாரும் நினைப்பார்கள்.

சூடா இல்லையா என்பதைப் பிரித்தறிய ஒரு சின்ன விஷயம் உதவியது. பல சார்ஜர்களில் ஒரு விளக்கு இருக்கும். மெஷின் அணையும் கணத்தில் அந்த விளக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சிபியூ சூடேறி மெஷின் தன்னைத்தானே அணைத்தால் சார்ஜர் விளக்கு எரிந்தபடியே இருக்கும். என்னுடையதில் இரண்டும் ஒன்றாக அணைந்தன. சுவர் பிளக்கைக் கழற்றிச் சற்றுப் பொறுத்துப் போட்டால் சார்ஜர் மட்டும் திரும்ப எரியும். அதன் அர்த்தம், ஏதோ ஒன்று சார்ஜரிலிருந்து அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது. ஒன்றில் சார்ஜரே பலவீனம், அல்லது உள்ளே எங்கோ ஷோட், அதாவது மின்சாரம் போகவேண்டிய வழியில் போகாமல் குறுக்கே பாய்கிறது.

இந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் டேட்டாவைக் காப்பாற்றுங்கள். எழும்பும் மெஷின் நாளைக்கு எழும்பும் என்று நம்பக்கூடாது. பழைய மெஷினில் இது சுகமான வேலை: அடிமூடியில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ, 2.5 அங்குல டிஸ்க் வெளியே வந்துவிடும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் எந்த மெஷினிலும் வாசிக்கலாம். ஒரு கல்யாணக் கார்ட் ஒரு நாள் பிந்தினால் கைகாலைப் பிடித்துச் சமாளிக்கலாம். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியை எனக்காக யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆகவே பாதி முடிந்த மலரை அன்றே மகளின் மெஷினுக்கு மாற்றினேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பிட்லொக்கர் பூட்டு போட்டிருந்தால் டிஸ்கை வேறு மெஷினில் செருகியதும் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கும். அது மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கிறதா என்று மெஷின் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவையுங்கள். பிற்காலத்து மெல்லிய மெஷின்கள் சிலவற்றில் டிஸ்கே போர்டோடு ஒட்டியிருக்கும். அவற்றில் போர்ட் போனால் டேட்டாவும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

பிறகு சார்ஜர். லேபிளில் 19 வோல்ற், 3.42 அம்பியர் என்றிருந்தது; அதாவது 65 வொட். மல்டிமீற்றரை நுனியில் வைத்தால் 19க்குக் கிட்ட காட்டியது. அதை மட்டும் நம்பி சார்ஜர் நல்லது என்று சொல்லக்கூடாது. சுமை இல்லாதபோது சரியான வோல்ற் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் விழுந்துவிடும் சார்ஜர்கள் ஏராளம். அதே வோல்ற், அதே அல்லது கூடிய அம்பியர் உள்ள இன்னொரு சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. டெல், எச்பி ரகங்களில் நுனி நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் யாருடையது என்று மெஷினுக்குச் சொல்வது அது. அந்த ஊசி வளைந்தோ அதன் வயர் அறுந்தோ இருந்தால் மெஷின் ஓடும், பற்றரி ஏறாது, சிபியூவும் வேகம் குறைந்து நகரும். அதையும் போர்ட் பழுது என்று சொல்லிக் காசு வாங்கிய கதைகள் உண்டு. இரவல் சார்ஜரும் என் மெஷினில் அதே மாதிரித்தான் மூடிக்கொண்டது. சார்ஜர் தப்பிவிட்டது.

அடுத்தது கழற்றல். டிஸ்க், டிவிடி, வைபை கார்ட், ஒரு ரெம் (நினைவகக் கார்ட்) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பற்றரியும் சார்ஜரும் இல்லாமல் பவர் பட்டனை முப்பது விநாடி அமத்திப் பிடித்துவிட்டு, பிறகு சார்ஜரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். செத்தது போலக் கிடந்து இதிலேயே எழும்பும் மெஷின்கள் உண்டு. நாணயம் போன்ற சிஆர்2032 செல்லையும் அளந்துவிடுங்கள். 3 வோல்ற் இருக்கவேண்டியது. சில போர்டுகள் அது இறங்கினால் கிளம்பவே அடம்பிடிக்கும். ரெம்மின் பொன் நிறக் காலை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பொருத்துவது பழைய வைத்தியம் என்றாலும் இன்னும் பலிக்கிறது. விளக்கு எரிந்து காற்றாடி சுற்றி, திரை மட்டும் கறுப்பு என்றால் வெளி மொனிட்டர் ஒன்றைக் கொழுவுங்கள். அதில் படம் வந்தால் போர்டைத் திட்டத் தேவையில்லை, திரையோ அதன் கேபிளோதான். திரையில் டோர்ச் அடித்துப் பார்த்து மங்கலாக எழுத்துத் தெரிந்தால் பின்னொளி போயிருக்கிறது. கேப்ஸ் லொக் விளக்கோ பவர் விளக்கோ எண்ணி எண்ணி மின்னினால், அந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. உங்கள் மொடலின் சேர்விஸ் மனுவலில் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள்.

என்னுடையதற்கு இவை ஒன்றும் பலிக்கவில்லை. போகப்போக எழும்புவதே நின்றது. சார்ஜரைச் செருகியவுடன் விளக்கு அணையும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வகையில் இது நல்லது. விட்டு விட்டு வரும் பழுதைப் பிடிப்பது கஷ்டம்; நிரந்தரமாகிவிட்ட பழுது ஓடி ஒளியாது.

காலி வீதியில் ஒரு கடையில் கொடுத்தேன். திறந்தார்களோ இல்லையோ தெரியாது, போர்ட் போச்சு என்றார்கள். போர்டில் எந்த மின் லைன் என்று கேட்டதற்கு, "அண்ணா, பழைய மெஷின்தானே" என்பதுதான் பதில். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே திறந்தேன். ஸ்க்ரூக்கள் நீளம் நீளமாக வித்தியாசப்படும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து, அட்டை ஒன்றில் மெஷினின் படத்தைக் கீறி அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்திவைத்தால் பூட்டும்போது தலையிடி இல்லை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் திருகினால் அது போர்டையே துளைத்துவிடும்.

என் மெஷினில் சார்ஜர் செருகும் ஜக், சின்ன வயரோடு தனியாக வந்து போர்டில் கொழுவியிருந்தது. அதைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுச் சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரிந்தது. திரும்பக் கொழுவியதும் அணைந்தது. ஜக்கும் தப்பியது; ஷோட் போர்டில்தான். இனி மல்டிமீற்றர்: மின்சாரம் எல்லாம் கழற்றிய நிலையில், கறுப்பு முனையை ஸ்க்ரூ துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் வைத்து, சிவப்பை ஜக் இணைப்பின் பிளஸ் காலில் வைத்தேன். நல்ல போர்டில் எண் மெல்ல ஏறிக் கிலோ ஓம் கணக்குக்குப் போகும். இங்கே இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுமோ அதையே காட்டியது. பூச்சியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் சோல்டர் வேலை. என் கண்ணும் கையும் அதற்குத் தோதில்லை. 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருப் பக்கம், மாடியில் சின்ன அறை ஒன்றில் மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்யும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரை அச்சக நண்பர் காட்டிவிட்டிருந்தார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நானா கேட்ட முதல் கேள்வி, "பெட்டரி ஈக்கா?"

"அது செத்து வருசக்கணக்கு, நானா."

அலுமாரியிலிருந்து அதே குடும்ப மெஷின் ஒன்றின் பற்றரியை எடுத்துக் கொழுவினார். பட்டனை அமத்தினார். சார்ஜர் இல்லாமல் மெஷின் எழும்பி, விண்டோஸ் வரை வந்துவிட்டது.

"பாத்தீங்களா தம்பி. பெட்டரில எழும்புதுண்டா சிபியூ, ரெம், பயோஸ் எல்லாம் உசிரோட ஈக்கி. கரண்ட் உள்ள வார எடத்துலதான் சிக்கல்."

பயோஸ் என்றால் மெஷினை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள். மெஷின் சாகவில்லை என்று நிரூபிக்க அந்த ஒரு சோதனை போதும். காரணம் இதுதான். சார்ஜரின் 19 வோல்ற் ஜக்கில் இறங்கி, சில கப்பாசிற்றர்களை (மின்சாரத்தைச் சற்றுத் தேக்கிச் சீராக்கும் உதிரிகள்) தொட்டுக்கொண்டு, இரண்டு மொஸ்பெட்களை (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள்) தாண்டித்தான் போர்டின் பிரதான லைனுக்குள் போகிறது. பற்றரியின் மின்சாரம் அந்த மொஸ்பெட்களுக்கு அப்பால் வந்து சேர்கிறது. ஷோட் மொஸ்பெட்டுக்கு முன்னால் இருந்தால் சார்ஜர் மூடிக்கொள்ளும், பற்றரியில் மெஷின் ஓடும். பின்னால் இருந்தால் இரண்டிலும் ஓடாது. செத்த பற்றரியை வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஒரு நல்ல பற்றரி இருந்திருந்தால் முதல் கடையில் எனக்கு அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

குற்றவாளியைப் பிடித்த விதம் பார்க்க அழகு. வோல்றையும் அம்பியரையும் வேண்டியபடி வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையில் 1 வோல்ற் மட்டும் வைத்து, அம்பியருக்கும் கட்டுப்பாடு போட்டு, அந்த 19 வோல்ற் லைனில் கொடுத்தார். போர்டின் அந்த மூலையில் ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தடவினார். எல்லா இடமும் ஈரமாக இருக்க, ஒரு கப்பாசிற்றரின் தலை மட்டும் உடனே காய்ந்தது. ஷோட் ஆனது சூடேறும், சூட்டில் அல்ககோல் பறக்கும், அவ்வளவுதான். வெப்பக் கமரா இருந்தால் இதையே திரையில் பார்க்கலாம். அரிசி மணியை விடச் சின்ன செரமிக் கப்பாசிற்றர் அது. அதைத் தூக்கியவுடன் மல்டிமீற்றர் கிலோ ஓமுக்கு ஏறியது. பழைய போர்ட் ஒன்றிலிருந்து அதே அளவு, 25 வோல்ற்றுக்குக் குறையாதது ஒன்றைக் கழற்றிப் பொருத்தினார். சார்ஜர் விளக்கு அணையவில்லை.

"ஏன் இப்படி வருது, நானா?"

"மூலைல புடிச்சித் தூக்குறதாலதான்," என்றார். திறந்த லெப்டொப்பை ஒரு கையால் மூலையில் பிடித்துத் தூக்கும்போது போர்ட் வளையும். செரமிக் வளையாது, வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பில் ஈரம் இறங்கி நாளடைவில் மின்சாரம் கசியத் தொடங்கும், முடிவில் முழு ஷோட். என் வீடு கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில். ஜன்னல் கம்பியே வருடா வருடம் துரு பிடிக்கிற இடத்தில் கப்பாசிற்றருக்கு என்ன கருணை கிடைக்கப் போகிறது?

நானாவிடம் கற்றதில் இன்னும் இரண்டு மூன்று. கண்ட இடமெல்லாம் ஓம் அளந்து, குறைந்த எண்ணைக் கண்டதும் ஷோட் என்று குதிக்கக்கூடாது. சிபியூவுக்குப் போகும் லைனில் சில ஓம் மட்டும் காட்டுவது சாதாரணம். அது ஷோட் அல்ல. அந்த லைனில் 1 வோல்ற்றுக்கு மேல் கொடுத்துவிட்டால் நல்ல சிபியூவையும் கொன்றுவிடலாம். ஷோட் ஒன்றும் இல்லாமல் செத்துக் கிடக்கும் போர்டில், பட்டனை அமத்துவதற்கு முன்பே நிற்கவேண்டிய 3.3, 5 வோல்ற் லைன்கள் நிற்கின்றனவா என்பதுதான் முதல் அளவு. அவை இருந்தால் பெஞ்ச் சப்ளையின் அம்பியர் முள் கதை சொல்லும். அமத்தியதும் கொஞ்சம் ஏறித் திரும்ப விழுந்தால், நடுவில் ஏதோ ஒரு லைன் கிளம்பாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஏறி அப்படியே நின்று படம் மட்டும் வராவிட்டால் ரெம்மும் பயோஸும் சந்தேகத்துக்குரியவை. பயோஸ் இருப்பது எட்டுக் கால் சிப் ஒன்றில். அதைப் புரோகிராமரில் வைத்து எழுதித் திருத்தலாம், ஆனால் எழுதுவதற்கு முன் பழையதை வாசித்துச் சேமித்து வைக்காதவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் மெஷினின் சீரியல் இலக்கமும் அதற்குள்தான்.

ஹீட் கன்னால் சூடாக்கு, அடுப்பில் வைத்துச் சுடு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வைத்தியத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 2008 காலத்து கிராபிக்ஸ் சிப் பழுதுகள். அந்த ஆண்டு ஜூலையில் என்விடியா, சில சிப்களின் பொதியில் பயன்படுத்திய பொருள் பலவீனம் என்று சொல்லி 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. சூடாக்கினால் சிப்புக்குள் விட்டுப்போன தொடுப்பு தற்காலிகமாக ஒட்டும், சில வாரம் ஓடும், திரும்பச் சாகும். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருட்களில் ஈயம் தடையானதால், பொதுவாகப் போர்டுகளில் இருப்பது 217 பாகை செல்சியஸுக்குக் கிட்ட உருகும் சோல்டர். பழைய ஈயச் சோல்டர் 183இலேயே உருகும். வீட்டு அடுப்பில் வைத்தால் சில பிளாஸ்டிக் உதிரிகள் உருகிவிடலாம். சமைக்கிற அடுப்பில் அந்தப் புகை வேறு. என் மெஷினின் கப்பாசிற்றருக்கு அடுப்பு என்ன செய்திருக்கும்? ஒன்றும் இல்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மெஷினைத் திறந்தால் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகைக்கு அடியிலும் ரெம் துளையைச் சுற்றியும் கூடுதலாக இருக்கும். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மென்மையான பல்துலக்கியும் போதும். கதவுக் கீலுக்கு அடிக்கும் டபிள்யூடி-40ஐ இங்கே அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது சார்ஜர் செருகியபடி இருக்க விடாமல், சில நிமிடம் கழித்துச் செருகுவது என் வீட்டில் 2022இலிருந்து பழக்கம். பதின்மூன்று மணிநேர மின்வெட்டுக் காலம் கற்றுக்கொடுத்த சில பழக்கங்கள் போகவில்லை.

மெஷின் திரும்பி வந்து நெடுநாள் நன்றாக உழைத்தது. பிறகு வேறொரு நோய்: எழும்பும்போது சில நாள் கறுப்புத் திரை. இரண்டு ரெம்மையும் மாறி மாறிப் போட்டதில் இரண்டாம் துளையில் எது போட்டாலும் ஓடியது, முதலாம் துளையில் எது போட்டாலும் ஓடவில்லை. ரெம்களை, ரெம் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ போட்டு இராமுழுதும் ஓடவிட்டேன், பிழை இல்லை. துளையைக் கழுவியும் பலன் இல்லை. இந்தத் தலைமுறையில் ரெம்மை ஆள்வது சிபியூவே என்பதால் பழி அதன் மேலும் விழலாம். நல்லகாலம், என் மெஷினில் சிபியூ சொக்கெட்டில் கழற்றிப் பூட்டக்கூடியது. கழற்றிப் பூட்டியும் மாறவில்லை. இதற்குக் காசு செலவழிக்கவில்லை. 8 ஜிபி டிடிஆர்3எல் ரெம் ஒன்றை நல்ல துளையில் போட்டுவிட்டேன். பேஜ்மேக்கருக்கு அதில் கால்வாசியே மிதமிஞ்சியது.

ஆனால் ஒரு துளை செத்த போர்ட் இன்னொன்றையும் இழக்கும் என்பது எதிர்பார்த்ததே. யூஎஸ்பி துளைகளும் ஒரு பக்கம் முழுதாகச் செத்தபோது, பாவித்த போர்ட் ஒன்று தேட முடிவெடுத்தேன். என் கணக்கில், போர்டின் விலை அதே மொடல் பாவித்த மெஷினின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மெஷினையே வாங்குவது நல்லது; திரையும் விசைப்பலகையும் உபரியாகக் கிடைக்கும்.

போர்ட் வாங்கும்போது மொடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மொடலில் தனி கிராபிக்ஸ் சிப் உள்ளதும் இல்லாததும் இருக்கும். காற்றாடியும் வெப்பக் குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. போர்டில் அச்சிட்ட இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கம்பனிகள் கழித்துவிட்ட மெஷின்களின் போர்டுகளில் பயோஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கும், அதை எடுப்பது தனிச் செலவு. விண்டோஸ் 7 தயாரிப்பாளரே போட்டு மெஷினோடு வந்திருந்தால் அதன் அனுமதி பயோஸைப் பார்த்துத்தான் செல்லும். அதே தயாரிப்பின் போர்டில் பெரும்பாலும் தகராறு இல்லை. விண்டோஸ் 10இல் அனுமதி அந்தந்தப் போர்டோடு கட்டியிருக்கும், புதிய போர்டில் திரும்பக் கேட்கலாம்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் ரெம், உங்கள் டிஸ்க், உங்கள் சார்ஜர் போட்டு கடையிலேயே ஓடவையுங்கள். ரெம் துளை இரண்டையும் தனித்தனியே பாருங்கள். யூஎஸ்பி ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியில் ஓடுகிறதா, திரும்பச் செருகினால் ஏறுகிறதா என்று பாருங்கள். தூங்கவைத்து எழுப்புங்கள். அரை மணித்தியாலம் ஏதாவது படம் ஓடவிட்டு அதன் பிறகு பேரம் பேசுங்கள். அந்த அரை மணித்தியாலத்துக்கு முகம் சுழிக்கிற கடையென்றால் போர்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த கடை இரண்டு கதவு தள்ளித்தான்.